தாயகம் திரும்பியோர்: ஒரு சொல்லும் ஒரு எழுத்தும்

எங்கள் குடும்ப மரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைக் கொஞ்ச நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆபீஸ் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்தது, இப்போது பைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், பிறந்த வருஷம், கல்யாணம், இடம்பெயர்ந்தது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பெரியம்மாவுக்கான கட்டத்தில் "1972 - தாயகம் திரும்பினார்" என்று போட்டிருந்தேன். பொங்கலுக்குக் காட்டுமன்னார்கோயில் போனபோது லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எங்கடா தம்பி திரும்பினேன்? நான் இங்கதான் மொத மொதல்ல வந்தேன்" என்றார்கள்.

பெரியம்மா பிறந்தது 1955-ல், இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவர்களுடைய அப்பா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். தாத்தாதான் நம்ம பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கங்காணி பின்னால் போனவர். ஆக, இந்தியா என்பது பெரியம்மாவுக்குப் பதினேழு வயதுவரை காதால் கேட்ட ஊர். சுத்தமாகப் பார்க்காத ஒரு இடத்துக்கு ஒருவர் எப்படித் "திரும்ப" முடியும்? இருபது வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவனுக்கு இந்த லாஜிக் உறைக்காமல் போனதே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தையை நான் யோசித்துப் போடவில்லை. அது ரெடிமேடாக இருந்தது. அரசாங்கத் தாள், பத்திரிகை, ஆய்வுக் கட்டுரை எல்லாவற்றிலும் இவர்களுக்கு அதுதான் பெயர்: தாயகம் திரும்பியோர்.

சரி, இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

இது 'ரிப்பாட்ரியேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நிற்கும் தமிழ். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'ரீ' என்றால் மறுபடியும், 'பாட்ரியா' என்றால் தந்தை நாடு. 'பாட்டர்' என்கிற அப்பாவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் பழைய நடையில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதைச் சொல்ல 'ரிப்பேர்' என்று ஒரு வினை உண்டு, அதுவும் இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். (நம்ம மிக்ஸி ரிப்பேர் வேறு. எழுத்து ஒன்று, வேர் வேறு.) லத்தீன்காரனுக்கு ஊர் அப்பாவுடையது. தமிழில் வரும்போது அது அம்மாவுடையதாக மாறிவிட்டது: தாய் + அகம். அகம் என்றால் வீடு. 'ஆத்துக்கு வா' என்று சில வீடுகளில் சொல்கிறார்களே, அந்த ஆம் இந்த அகம்தான்.

மொழிபெயர்ப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய்வீடு என்பதற்குத் தமிழில் இன்னொரு நிழலும் இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு பெண் தாய்வீடு போனால் சந்தோஷம். பெட்டி படுக்கையோடு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினால் தெருவே வேறு மாதிரி பேசும். 'வீட்டுக்கு அனுப்பிட்டாங்க' என்று எங்கள் ஐடி கம்பெனிப் பக்கம் சொன்னால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். வீட்டுக்குப் போவது வேறு, வீட்டுக்கு அனுப்பப்படுவது வேறு. தமிழ் பேசுகிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டது. தன்வினை, பிறவினை. நிரம்பு - நிரப்பு. எழும்பு - எழுப்பு. கிளம்பு - கிளப்பு. நடுவில் இருக்கும் மெல்லின 'ம்' போய் வல்லின 'ப்' வந்தால், தானாக நடந்தது இன்னொருவர் செய்ததாக ஆகிவிடும். திரும்பு - திருப்பு என்பதும் இதே குடும்பம். திரும்பினார் என்றால் அவரே வந்தார். திருப்பினார்கள் என்றால் வேறு யாரோ பிடித்துத் திருப்பினார்கள். ஆங்கிலச் சொல் இந்த இடத்தில் கொஞ்சம் நேர்மை. அந்த வினை பெரும்பாலும் ஒருவரை இன்னொருவர் திருப்பி அனுப்புவதைத்தான் குறிக்கிறது, அந்தப் பெயர்ச்சொல்லிலும் அனுப்பப்பட்டவர் என்ற சாயல் இருக்கிறது. தமிழாக்கம் அந்த 'ப்'பை எடுத்துவிட்டு 'ம்' வைத்தது. வாக்கியத்திலிருந்து இரண்டு அரசாங்கங்கள் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டன.

அந்த இரண்டு அரசாங்கங்கள் செய்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத்தில் தலைமுறைகளாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக் குடிமகனும் இல்லாதவர்களாக ஆக்கியது. மலையகத் தமிழில் இதற்கும் ஒரு சொல் உண்டு: நாடற்றவர். பதினாறு வருஷம் கழித்து, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷத்தில் முடிக்க வேண்டும் என்று கெடு. ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று விகிதம் வேறு.

ஏழுக்கு நாலு. சர்வரில் லோடு பிரிக்கிற மாதிரி.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். விண்ணப்பம் வாங்கினார்கள். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் 4 லட்சம். ஒப்பந்தத்தில் போட்டிருந்தது இதற்கு நேர்மாறு. ஆட்களைக் கேட்காமல் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும். அந்த 4 லட்சத்திலும் ஆசைப்பட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர், இலங்கையில் கிடைக்காது என்று பயந்து கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை விண்ணப்பத் தாள் சொல்லாது. பெரியம்மாவின் அப்பா ஏன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார் என்று கேட்டேன். "பக்கத்து லயத்துல எல்லாரும் எழுதினாங்க. அவரும் எழுதினாரு." இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஒரு வழியாக நான்கரை லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். மலைநாட்டு ரயில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். ஸ்டேஷனில் நடந்த அழுகையைப் பார்த்து அந்த வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னார்கள். மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கத்தின் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கும் அதுதான் தலைப்பு. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று வந்த குடும்பங்கள் உண்டு.

பெரியம்மா சொன்னதில் என் மனதில் நின்றது ஒன்று. நம் ஆட்கள் வாசலில் செருப்பு மாட்டும்போதுகூடப் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள், 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார்கள். "அன்னிக்கு ஸ்டேசன்ல யாருக்கும் அந்த வார்த்தை வரல. எப்படி வரும்? சும்மா கையப் புடிச்சிக்கிட்டு நின்னோம்." அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் அங்கே. அக்கா பிளாட்பாரத்தில், இவர்கள் வண்டியில். தமிழில் திரும்பி வருவேன் என்று சொல்லாமல் விடைபெறுவதற்கு வார்த்தையே இல்லை. அப்படிப் போனவர்களுக்குத்தான் நாம் 'திரும்பியோர்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மண்டபம் முகாம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இவர்களுக்காகக் கட்டியது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகிற கூலிகளுக்குக் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்கச் சில நாள் அடைத்துவைத்து, மருந்து தெளித்து, பிறகு அனுப்புவார்கள். பெரியம்மாவின் தாத்தா அந்த வழியாகப் போனவர். பேத்தி அதே முகாமில் வந்து இறங்கினார்கள். முழுக் குடும்பத்திலும் உண்மையிலேயே 'திரும்பியிருக்க' வேண்டியவர் அந்தத் தாத்தா ஒருவர்தான், அவர் தோட்டத்து மண்ணிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் ஊரிலேயே திரும்புதலுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது, வைணவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்காரர்; அப்போது வீரநாராயணபுரம். (வீராணம் ஏரியும் அதே வீரநாராயணன்தான், முதலாம் பராந்தகன். அந்த ஏரித் தண்ணீரைத்தான் இப்போது சென்னையில் குழாயில் பிடித்துக் குடிக்கிறேன்.) அவர் குடும்பத்தோடு வடக்கே யாத்திரை போய் யமுனைக் கரையில் கோவர்த்தனபுரம் என்ற ஊரிலேயே தங்கிவிட்டாராம். காட்டுமன்னார் பெருமாள் கனவில் வந்து ஊருக்கு வா என்று கூப்பிட, கிளம்பி வந்தார் என்று குருபரம்பரைக் கதை. அந்த யமுனை ஞாபகத்தில்தான் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று பெயர். அவர்தான் ஆளவந்தார். இந்தக் கதையில் திரும்புதலுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: முன்பு வாழ்ந்த ஊர், கூப்பிடுகிற ஒருவர், போனால் தெரிந்த முகங்கள். முல்லைத் திணையில் தலைவன் வினை முடித்து மீள்வதும் இப்படித்தான், அந்தப் பக்கம் ஒருத்தி காத்திருப்பாள்.

1972-ல் இந்தப் பக்கம் யார் காத்திருந்தார்கள்? பூர்வீகக் கிராமத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பெரியம்மாவின் அப்பா தேடிப் போனார். சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. மூன்றாம் நாளே தனிக் குடிசை. ஊரில் இவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. கோபம் வந்தால் 'சிலோன் அகதி'. அங்கே இருந்தவரை இவர்கள் 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி'. தாய்வீடு என்று சொல்லப்பட்ட இடத்தில் புகுந்த வீட்டின் பெயர், புகுந்த வீட்டில் தாய்வீட்டின் பெயர்.

இது தமிழில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. 1962-ல் அல்ஜீரியா விடுதலை ஆனபோது லட்சக்கணக்கில் பிரான்சுக்கு ஓடிவந்த ஐரோப்பியர்களுக்கு பிரெஞ்சு அரசாங்கம் வைத்த பெயர் 'ரபாத்ரியே', அதே லத்தீன் வேர். அவர்களில் பலர் பிரான்சைப் பார்த்ததே இல்லை. 1975-ல் அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலையானபோது போர்ச்சுகலுக்கு வந்தவர்களை 'ரெட்டோர்னாடோ' என்றார்கள். அப்படியே வார்த்தைக்கு வார்த்தை 'திரும்பியவர்'. ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள் பலர் அந்தப் பெயர் பிடிக்காமல் முகம் சுளித்தார்கள், பெரியம்மா மாதிரியே. ஆனால் அவர்கள் ஆண்டவர்கள் கூட்டத்தோடு இருந்தவர்கள், நம்மவர்கள் கொழுந்து கிள்ளியவர்கள். சொல் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பர்மா கதை இன்னும் விசித்திரம். 1960களில் நே வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியபோது கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைக்கு வந்தார்கள். பர்மா பஜார் அப்படி வந்ததுதான். அவர்களும் தாயகம் திரும்பியோர். அதில் கொஞ்சம் பேருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாக மணிப்பூர் எல்லைவரை போனார்கள். உள்ளே விடவில்லை. எல்லையில் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள், அங்கே இன்றைக்கும் அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், இவர்கள் வாழ்க்கையில் 'திரும்பு' என்ற வினை உண்மையில் பொருந்துவது அந்த மணிப்பூர்ப் பயணத்துக்குத்தான். ஆனால் அரசாங்கத் தாளில் அது திரும்புதல் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு எனக்கு ஒரு வேகம் வந்தது. 'தாயகம் திரும்பியோர்' என்ற சொல்லையே தூக்கி எறிய வேண்டும், 'திருப்பி அனுப்பப்பட்டோர்' என்றுதான் எழுத வேண்டும் என்று முடிவுசெய்து, போனில் பெரியம்மாவிடமும் பெருமையாகச் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றார்கள்.

ஏன் என்று அடுத்த முறை நேரில் போனபோதுதான் புரிந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் கவரில் அந்தக் குடும்ப அட்டை இருக்கிறது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. வீட்டில் இருந்த எல்லார் பெயரும் அதில் இருக்கிறது. கடன் கேட்டபோது அந்த அட்டை. தம்பியைப் பள்ளியில் சேர்க்க அந்த அட்டை. சாதிச் சான்றிதழுக்கு நடையாய் நடந்தபோது, 'சிலோன்ல பிறந்தவங்களுக்கு நாங்க எப்படி எழுதித் தர்றது' என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோதும் அந்த அட்டை. 'அகதி' என்று யாராவது சொன்னால் பெரியம்மாவின் அப்பா அட்டையை எடுத்துக் காட்டுவாராம்: "அகதி இல்ல, தாயகம் திரும்பியோர்." அகதி என்றால் அ-கதி, போக்கிடம் இல்லாதவர். இவர் கையில் இருந்ததோ இந்தியக் குடியுரிமை. கண்ணெதிரே இருந்த அவமானத்துக்கு எதிராக அந்தப் பொய்யான சொல்தான் கேடயமாக நின்றிருக்கிறது.

அந்தச் சொல்லை ஒட்டி நிஜமாகவே சில காரியங்களும் நடந்தன. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இன்றைய டான்டீ அதுவே. கன்னியாகுமரியில் அரசு ரப்பர் தோட்டத்திலும் இவர்கள் உண்டு. சென்னையில் ரெப்கோ வங்கி போர்டை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், பெயருக்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததே இல்லை. ரிப்பாட்ரியேட்ஸ் கோஆப்பரேட்டிவ். 1969-ல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய கூட்டுறவு வங்கி. வீட்டுக்கடன் வாங்கிய நண்பனிடம் சொன்னேன், அவனுக்கும் தெரியவில்லை.

'அகதி' என்ற சொல்லின் கனத்தை அரசாங்கமும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று 2021-ல். 1983-க்குப் பிறகு வந்தவர்கள் இருக்கும் முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். அந்த முகாம்களிலும் மலையகத்தில் வேர் உள்ளவர்கள் இருக்கிறார்கள். முந்தின கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர், பிந்தின படகில் வந்ததால் அகதி. 1984-ல் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. அப்போது ஒப்பந்தப்படி வரவேண்டியவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். கடைசியில் இலங்கையே 1988-லும் 2003-லும் சட்டம் போட்டு நாடற்றவர் பிரச்சினையைத் தீர்த்தது. பிளாட்பாரத்தில் நின்ற அக்கா இப்போது இலங்கைக் குடிமகள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் லால்பேட்டை. வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் இருப்பார்கள். அவர்களிடம் 'சபர்' என்று ஒரு சொல் உண்டு, அரபியில் பயணம். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் 'சபராளி'. எத்தனை வருஷம் துபாயில் இருந்தாலும் அது பயணம்தான், வீடு இங்கே. 2020 கொரோனா சமயம் வந்தே பாரத் விமானங்களில் அவர்கள் வந்தபோது பத்திரிகைகள் 'தாயகம் திரும்பினர்' என்று எழுதின. அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தியது. அதே சொல்தான், உள்ளே இருக்கிற ஆட்கள் வேறு.

குடும்ப மரத்துக்கு வருகிறேன். கடைசியில் பெரியம்மாவின் கட்டத்தில் இரண்டு வரி போட்டேன். "1972 - இந்தியாவுக்கு வந்தார்." அதன் கீழே, "அரசுப் பதிவு: தாயகம் திரும்பியோர்." புரோகிராமில் ஒரு நிகழ்வுக்கு ஒரே பெயர்தான் கொடுக்க முடியும் என்று இருந்தது, அதை மாற்ற ஒரு ராத்திரி ஆனது. வாட்சப்பில் படம் எடுத்து அனுப்பினேன். பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அதெல்லாம் சரியா இருக்கு. பொறந்த எடத்துல வெறும் ஹட்டன்னு போட்டிருக்கியே. ஹட்டன் டவுனுடா. நாங்க மேல் டிவிசன். எங்க லயத்திலேர்ந்து டவுனுக்கு எறங்க ரெண்டு மணி நேரம் நடக்கணும். அத மாத்திப் போடு."

தோட்டத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.